ஆமை முதுகும் ஒரு மம்பட்டியும்

ஐப்பசி மழை வெறித்த மறுநாள் காலையில் திருவாதவூர்க் கண்மாய்க் கரையில் நடந்திருக்கிறீர்களா, பிள்ளைகளா? தண்ணீர் தளும்பிக் கிடக்கும். கரை அசையாமல் நிற்கும். அதைவிட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தால் அங்கங்கே குழி, குழிக்குள் செந்தண்ணீர். அப்படி ஒரு காலையில் என்னோடு நடந்து வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "இம்புட்டுத் தண்ணியைத் தாங்குற மண்கரை அப்படியே நிக்குது. தார் ஊத்துன ரோடு மட்டும் எப்படிப் பிஞ்சு போச்சு?"

அவள் கேட்டதைப் பல நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அதற்கான பதில் தாரில் இல்லை, தாருக்கு அடியில் இருக்கிறது.

ரோடு என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது கறுப்புத் தார்தான். கிராமத்து ரோட்டில் அது இரண்டு மூன்று விரல் கனம்கூட இருக்காது. அதன் கீழே ஜல்லி, அதற்குக் கீழே சரளை, எல்லாவற்றுக்கும் அடியில் ஊர் மண். லாரி ஏறும்போது அதன் எடையைக் கடைசியில் சுமப்பது அந்த ஊர் மண்தான். ஜல்லியின் வேலை எடையைப் பரப்பிக் கொடுப்பது. தாரின் முக்கியமான வேலை, கூரையைப் போல மழையை உள்ளே விடாமல் இருப்பது.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லௌடன் மெக்காடம். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அதுவரை ரோட்டின் அடியில் பெரிய பெரிய பாறைக் கற்களைப் பரப்புவதுதான் வழக்கம். மெக்காடம் அது வேண்டாம் என்றார். அடிமண் காய்ந்திருந்தால் அதுவே எடையைத் தாங்கும். அதை நனையாமல் காப்பதுதான் வேலை என்பது அவர் கருத்து. ஏறக்குறைய 170 கிராமுக்கு மேல் போகாத சிறு உடைகற்களை நெருக்கமாகப் பரப்பச் சொன்னார். கூர்முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். படியில் நெல்லை அளக்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கினால் நெல் அமர்ந்து இடம் கொடுக்கிறதே, ரோடு ரோலர் செய்வதும் அதுதான். பெரிய ஜல்லியின் இடுக்கில் சின்ன ஜல்லி, அதன் இடுக்கில் துகள் என்று எல்லாம் அமர்ந்துகொள்ளும்.

நனைந்தால் என்ன ஆகும்? வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மூடியில் மை கலந்த தண்ணீரை ஊற்றி, அதில் ஒரு சாக்பீஸை நிறுத்தி வையுங்கள். சில நிமிடங்களில் மை மேலே ஏறிவிடும். யாரும் தள்ளவில்லை, சாக்பீஸுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் தாமாகவே நீரை மேலே இழுத்தன. இதை நுண்புழை ஏற்றம் என்பார்கள். இப்போது நனைந்த சாக்பீஸையும் காய்ந்த சாக்பீஸையும் உடைத்துப் பாருங்கள். எது சுலபமாக உடைகிறது?

மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வந்துவிட்டால் வயலில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். பக்கத்தில் ஓடும் ரோட்டின் மண் அந்த ஈரத்தைச் சாக்பீஸ் மாதிரியே உறிஞ்சும். அதனால்தான் வயல்காட்டு ரோட்டை வயல் மட்டத்தைவிட உயர்த்திப் போட வேண்டும். மண்ணுக்கு மண் குணமும் மாறும். சிரட்டையில் கண்மாய்க் களிமண்ணைக் குழைத்து வெயிலில் வையுங்கள், சுருங்கி வெடிக்கும். இன்னொரு சிரட்டையில் மணல் கலந்த செம்மண்ணை வைத்தால் அவ்வளவாக வெடிக்காது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்குப் பிளக்கும். அதன்மேல் போட்ட ரோடு அலையலையாக நெளிவதை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் குலுங்கியே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

குழி பிறக்கும் கதை இதுதான். தாரில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுகிறது. மழைநீர் அதன் வழியே இறங்கி ஜல்லிக்குள் தேங்குகிறது. மேலே ஒரு சக்கரம் ஏறுகிறது. நசுங்கிய தண்ணீர் போக இடமில்லாமல் விரிசல் வழியாகவே பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். வரும்போது நைந்த மண்ணையும் கூடவே கொண்டுவரும். அடுத்த சக்கரம், இன்னும் கொஞ்சம் மண். உள்ளே பொந்து உண்டாகி ஒருநாள் மேல்தோல் பொத்தென்று உட்கார்ந்துவிடும். மழைக்காலத்தில் விரிசலைச் சுற்றிச் சேறு படிந்திருப்பதைப் பார்த்தால், அங்கே குழி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எந்தச் சக்கரம் என்பதும் முக்கியம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைக்கென்றே ரோடு போட்டு, அதில் லாரிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். சக்கர அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று தெரிந்தது. இரண்டை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். அரை டன் அழுத்தும் கார் அச்சையும் 10 டன் அழுத்தும் லாரி அச்சையும் இந்தக் கணக்கில் போட்டால், அந்த லாரி அச்சு ஒருமுறை கடப்பது 1,60,000 கார் அச்சுகள் கடப்பதற்குச் சமம்! இன்னொன்றையும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சேற்று உழவுக்கு மாட்டிய இரும்புச் சக்கரத்தைக் கழற்றாமல் டிராக்டரைத் தார் ரோட்டில் ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு கீறலும் மழைக்குத் திறந்துவிட்ட மடை.

சமவெளியிலேயே இந்தப் பாடு என்றால் மலையில்? கணக்கிலிருந்தே தொடங்குவோம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற வேண்டிய உயரம் சுமார் 1,800 மீட்டர். மலைப்பாதையில் 20 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் ஏறலாம் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் நல்ல அளவு. அப்படியானால் 1,800 மீட்டர் ஏற 36 கிலோமீட்டர் ரோடு வேண்டும். அவ்வளவு நீளத்தை மலையில் எங்கே வைப்பது? பாம்பு போலச் சுற்றி, இடமில்லாத இடத்தில் கொண்டை ஊசி வளைவாக மடித்துத்தான் வைக்க வேண்டும். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. எண்ணிக்கொண்டே ஏறுவது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

ஆனால் மலை ரோட்டின் உண்மையான சிக்கல் ஏற்றம் இல்லை. களத்தில் குவித்த நெல்லின் அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மேலே இருக்கிற நெல் சரசரவென்று இறங்கிவிடும். மலைச்சரிவை வெட்டி ரோடு போடுவதும் அப்படிக் கீழே அள்ளுவதுதான். வேரும் பாறையும் பிடித்து வைத்திருப்பதால் மலை உடனே சரிவதில்லை. ஆனால் மழை உள்ளே இறங்கினால் மண்ணுக்கு எடை கூடும், பிடிமானம் குறையும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. ரோடுகள் அறுந்தன, உயிர்களும் போயின.

அதனால் மலையில் ரோடு போடுகிறவர் முதலில் தண்ணீருக்குத்தான் ரோடு போடுகிறார் என்று சொல்வேன். வெட்டிய சரிவுக்கு மேலேயே ஒரு வாய்க்கால் வெட்டி, வரும் நீரை ஓரமாகத் திருப்புவார்கள். ரோட்டின் மலைப்பக்க ஓரத்தில் இன்னொரு ஓடை. அந்த ஓடை நிரம்பி வழிவதற்குள் அங்கங்கே ரோட்டுக்கு அடியில் சிறுபாலம் வைத்து நீரைக் கீழே விடுவார்கள். கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தாங்குசுவர்களில் வரிசையாகத் துளைகள் தெரியும். மழைநாளில் அவற்றிலிருந்து தண்ணீர் கொட்டும். துளை இல்லாவிட்டால் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். சில இடங்களில் சிமென்ட் இல்லாமல், கம்பிவலைப் பெட்டிக்குள் கற்களை அடுக்கிச் சுவர் ஆக்கியிருப்பார்கள். சுவர் முழுவதும் துளைதான்!

நேபாளத்தின் தாடிங் மாவட்டத்து மலைக்கிராமங்கள் இன்னொரு வழியைக் காட்டின. வெடி வைக்காமல், பெரிய இயந்திரம் இறக்காமல், ஊர் மக்களே கைக்கருவிகளால் முதலில் ஒற்றையடிப் பாதை அளவுக்கு வெட்டினார்கள். ஒரு மழைக்காலம் அதன்மேல் பெய்யட்டும் என்று விட்டுவிட்டு, எங்கே சரிகிறது, எங்கே ஊற்று கசிகிறது என்று பார்த்து, அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினார்கள். வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளாமல் ரோட்டின் மறுபக்கத்தை நிரப்பவே பயன்படுத்தினார்கள். சரிவில் புல்லும் செடியும் நட்டார்கள். ரோடு முடியப் பல வருடங்கள் ஆகும். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்த பொறியியல்.

நம் மதுரையும் ஒன்று கொடுத்திருக்கிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடாக்கிய ஜல்லியின்மேல் துண்டுதுண்டாக வெட்டிய பிளாஸ்டிக் குப்பையைத் தூவினார். அது உருகிக் கல்லைச் சுற்றித் தோலாக ஒட்டிக்கொண்டது. அதன்மேல் தார். வெறும் கல்லில் ஈரம் புகுந்தால் தார் பிடியை விட்டுவிடும். தோல் போர்த்திய கல்லில் ஈரம் எளிதில் புகாது. 2002இல் கல்லூரிக்குள்ளேயே அப்படி ஒரு ரோடு போட்டார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

எவ்வளவு நல்ல ரோடானாலும் போட்டு முடித்த நாளிலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேர் இருக்கும் ஊருக்கும் மலை மாநிலங்களில் 250 பேர் இருக்கும் ஊருக்கும் ரோடு என்று வைத்தார்கள். போட்டவரே 5 வருடம் பராமரிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இந்த இரண்டாவது விதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

திருவாதவூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பராமரிப்பு புதிதல்ல. உங்கள் ஊரில் பிறந்த மாணிக்கவாசகர் கதையில் வைகை பெருக்கெடுத்துக் கரை உடைகிறதே, அப்போது பாண்டியன் என்ன சொன்னான்? வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே பிட்டு வாங்கித் தின்றுவிட்டு மண் சுமக்க வந்தார். கதைதான், ஆனால் கரைக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொண்டு வேலை செய்த பழக்கம் அதற்குள் இருக்கிறது. கண்மாய்களுக்கு அதைக் குடிமராமத்து என்றார்கள். அந்தப் பிள்ளை கேட்ட கரை அப்படியே நிற்பதற்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன. மிஞ்சிய தண்ணீர் போகக் கலுங்கும் இருக்கிறது.

ரோட்டுக்குக் கலுங்கு அதன் முதுகு. ஆமை ஓடு போல நடுவில் உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும். 3.75 மீட்டர் அகல ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். வண்டி வராத தெருவில், பெரியவர் ஒருவரை நிறுத்திக்கொண்டு, நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஓரத்துக்கு ஓடினால் ரோட்டுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நின்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நாங்களும் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் ஓரம்வரை ஓடி அங்கேயே நின்றுவிட்டது. வருடக்கணக்கில் படிந்த மண்ணும் அருகம்புல்லும் ரோட்டைவிட உயரமாக வளர்ந்து, வரப்பு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் தன் மம்பட்டியைக் கொண்டுவந்து நாலு வெட்டு வெட்டினார். தேங்கிய தண்ணீர் கொஞ்சம் கலங்கி, தயங்கி, பிறகு கண்மாய்ப் பக்கமாக ஓடத் தொடங்கியது. அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அந்தக் குழிக்கும் ஒரு வெட்டு வெட்டுங்க மாமா" என்றாள்.