எடுக்காத நிறம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. ஆனால் நம் வீடுகளில் ஆடையின் நிறத்தை முடிவு செய்வது நம் விருப்பமன்று. நம் தோலின் நிறமே. "இவள் நிறத்துக்கு இது எடுக்காது" என்ற ஒரே சொல்லில் துணி மீண்டும் கடை அலமாரிக்குப் போய்விடும். சென்ற கிறிஸ்துமஸுக்கு நான் ஆசைப்பட்ட எலுமிச்சை மஞ்சளும் அவ்வாறே போயிற்று. நான் கறுப்பு நிறத்தவள். அரக்கு நிறத் துணியுடன் வீடு திரும்பினேன். நிறம் ஏன் எடுக்காமல் போகிறது என்று அன்று எழுந்த ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

இக்கேள்விக்கு விடை தந்தவர் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர். 1824ஆம் ஆண்டு அவர் பாரிஸ் நகரின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவின் தலைவரானார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையே நெய்யும்போது கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று அங்கே குறை கூறினார்கள். அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் குறையில்லை! பக்கத்தில் இருந்த நிறங்களே கறுப்பை மங்கச் செய்தன. ஒரு நிறம் தன் அருகிலுள்ள நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற இவ்விதியை 1839இல் நூலாக வெளியிட்டார்.

தோழியரே, நீங்களும் இதைச் சோதிக்கலாம். ஒரே பழுப்புக் காகிதத்தில் இரு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் தாள்மீதும் மற்றொன்றைக் கறுப்புத் தாள்மீதும் வையுங்கள். வெள்ளையின் மேலுள்ளது கறுத்தும், கறுப்பின் மேலுள்ளது வெளுத்தும் தோன்றும். கருங்கூந்தலில் மல்லிகை எடுப்பாகத் தெரிவதும் இதனாலேயே. வெளிர் மஞ்சளின் அருகில் என் முகம் இன்னும் கறுத்துத் தெரிவதும் இதனாலேயே. முகம் மாறவில்லை, நம் கண்ணே அவ்வாறு காண்கிறது.

விதி தெரிந்தால் வழியும் தெரியும். முகத்துக்கு அருகிலுள்ள நிறமே முகத்தை மாற்றிக் காட்டும். ஆகவே விரும்பிய நிறத்தைப் பாவாடையில் வைத்து, தாவணியையும் சட்டையையும் வேறு நிறத்தில் அணியலாம். சட்டையே அந்த நிறமானால் கழுத்தோரம் அடர்ந்த நிறப் பட்டை தைக்கலாம். கடை விளக்கொளியை மட்டும் நம்பாமல், துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நன்று. கடைக்குள் பொருந்திய சட்டைத்துணி வெயிலில் பொருந்தாமல் போவதை நம் அன்னையர் நன்கு அறிவர்.

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்குள் வேறொரு கேள்வி எழுந்தது. முகம் சற்றுக் கறுத்துத் தெரிந்தால்தான் என்ன? தோலின் கருமைக்குக் காரணமான மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் பொருள். காவலாக இருப்பதைக் குறையென்று மறைப்பானேன்? ஷெவ்ரல் குறையை நூலில் காணவில்லை. நாமும் அதைத் தோலில் தேட வேண்டாம்.

வரும் கிறிஸ்துமஸுக்கு எலுமிச்சை மஞ்சள் பாவாடை வேண்டுமென்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "தாவணி?" என்றார்கள். "அதுவும் மஞ்சள்தான் அம்மா" என்றேன். அம்மா சிரித்தார்கள், மறுக்கவில்லை.