தைராய்டுச் சோதனைச் சீட்டை வாசிப்பது எங்ஙனம்?

நம் சங்கத்துக் குடும்பங்களில், சிறப்பாக மகளிரிடையே, 'தைராய்டு' என்னும் சொல் இந்நாளில் பெருவழக்காகிவிட்டது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருப்பதைக் கண்டதும் கலங்கிப்போவோர் பலர். வேறு சிலரோ, எண் ஏறியிருப்பதால் சுரப்பும் மிகுந்துவிட்டதென்று தலைகீழாகப் பொருள் கொண்டுவிடுகின்றனர். நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். ரெயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவர். எனினும், சீட்டின் பொருளை ஓரளவு அறிந்திருத்தல் டாக்டரிடம் தெளிவாகப் பேசுதற்கு உதவும் என்று கருதி இதனை எழுதலானோம்.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. உணவிலும் உப்பிலும் உள்ள அயோடினைக் கொண்டு அது இருவகைச் சுரப்புநீரை ஆக்குகிறது. நான்கு அயோடின் அணுக்களை உடையது டி-4. மூன்று உடையது டி-3. உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, குடலின் இயக்கம் ஆகியவற்றின் வேகம் இவற்றைப் பொறுத்தது. சீட்டில் காணும் டி.எஸ்.எச். என்பதோ தைராய்டில் உண்டாவதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அனுப்பும் ஏவல்நீர் அது.

அலுவலக வழக்கைக் கொண்டு இதனை எளிதில் விளக்கலாம். பிட்யூட்டரி தலைமை அலுவலகம், தைராய்டு கிளை அலுவலகம், டி.எஸ்.எச். நினைவூட்டுக் கடிதம். கிளையில் வேலை தேங்கினால் கடிதங்கள் பெருகும். வேலை அளவுக்கு மிஞ்சி நடந்தால் கடிதம் வருவது நின்றுபோகும். ஆகவே, டி.எஸ்.எச். ஏறினால் சுரப்பு குறைந்தது என்றும், இறங்கினால் சுரப்பு மிகுந்தது என்றும் பெரும்பாலும் கொள்ளல் வேண்டும்.

இனி எண்களைச் சேர்த்து நோக்குவோம். டி.எஸ்.எச். ஏறி, டி-4 குறைந்திருப்பின் அது சுரப்புக் குறைவு. டி.எஸ்.எச். இறங்கி, டி-4 மிகுந்திருப்பின் அது சுரப்பு மிகுதி. டி.எஸ்.எச். மட்டும் சற்றே ஏறி, டி-4 சரியாக இருப்பின் அது தொடக்கநிலை. இத்தகையோர் பலருக்கு டாக்டர்கள் உடனே மாத்திரை தருவதில்லை. இரண்டு மூன்று திங்கள் கழித்து மறுபடியும் சோதிக்கின்றனர். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மருந்து தொடங்குகின்றனர். இரண்டு எண்களும் குறைந்திருத்தல் அரிது. அப்போது குறை தலைமை அலுவலகத்திலேயே இருக்கக்கூடும்.

நம்மவர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஊரில் எடுத்த பழைய சீட்டையும் மைசூரில் எடுத்த புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அஞ்சுகிறோம். பொது எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை எனினும், ஆய்வகத்திற்கு ஆய்வகம் அது சிறிது மாறும். முதுமையில் மேல் எல்லை உயரும். அளவுமுறையும் மாறுவதுண்டு. ஓர் ஆய்வகம் கட்டற்ற டி-4-ஐ 1.2 நானோகிராம் என்று குறித்தால், மற்றொன்று அதே அளவை ஏறத்தாழ 15 பிக்கோமோல் என்று குறிக்கும். எனவே, ஒவ்வொரு எண்ணையும் அச்சீட்டிலேயே அதன் எதிரில் அச்சிட்டுள்ள எல்லையோடு மட்டும் ஒப்பிடுக.

வெயில் மிகுந்த ஊர்களிலிருந்து மைசூருக்குக் குடிவந்தோர், குளிர் தாங்காமையையும் சோர்வையும் இவ்வூர்த் தட்பவெப்பத்தின் மேல் ஏற்றிவிடுவது இயல்பு. ஆனால் அவற்றோடு உடல் பருத்தல், மலச்சிக்கல், தோல் வறட்சி, மாதவிலக்கில் மிகுபோக்கு ஆகியவையும் சேர்ந்தால் குளிரைக் குறை கூறுவதை விடுத்துச் சோதித்துக்கொள்ளல் நன்று. பெங்களூர், சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,000-க்கு மேற்பட்ட வயது வந்தோரிடம் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவர்க்குச் சுரப்புக் குறைவு காணப்பட்டது. அவர்களுள் பலர் அதனை முன்னர் அறியாதவர்.

உப்பை மிகுதியாக உண்டால் இக்குறை தீரும் என்று எண்ணுவது தவறு. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோயில், உடலின் காவற்படையே தன் சுரப்பியைத் தாக்குகிறது. அயோடின் கலந்த உப்பை வழக்கமான அளவில் உண்டால் போதும்.

மாத்திரை உண்போர் விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் அதனை விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுத்தே காப்பி அருந்துதல் வேண்டும். காப்பியை முதலில் அருந்தும் நம் வழக்கம் மருந்தின் பயனைக் குறைத்துவிடும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. தலைமுடி வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை எண்களையே பொய்யாக்கக்கூடும். இரத்தம் கொடுக்குமுன் இதனை டாக்டரிடம் கூறுக. மருந்தின் அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே மறுசோதனை பொருந்தும்.

கருவுற்ற மகளிர் மட்டும் சிறிதும் காலந்தாழ்த்தலாகாது. முதல் மாதங்களில் கரு தாயின் சுரப்புநீரையே நம்பியுள்ளது. முன்பே மாத்திரை உண்பவர் கருவுற்றது தெரிந்தவுடன் டாக்டரைக் காணுதல் வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். பிறவியிலேயே சுரப்பு குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். ஆதலின், பிறந்த சிசுவின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்குமாறு மருத்துவமனையில் கேட்டுப் பெறுக. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண்கள் தம் சீட்டுகள் அனைத்தையும் உடன் கொண்டுபோதல் இன்றியமையாதது.

1891-இல் ஆங்கில மருத்துவர் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொண்டு சுரப்புக் குறைந்த ஒரு மாதின் நோயைத் தணித்தார். அவ்வம்மையார் அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இன்றோ நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை போதும். சீட்டிலுள்ள எண் ஒரு கேள்வியேயன்றித் தீர்ப்பன்று. அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் டாக்டர். மாத்திரையைத் தாமே தொடங்குவதும், உடல் தேறியதும் தாமே நிறுத்துவதும் வேண்டாவென்று நம் இல்லத்தாரை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.