வயிற்றுக் கோளாறுகளும் கைமருந்தும்: எல்லை எங்கே?

திருகோணமலையில் எந்த வீட்டு அடுக்களையிலும் ஒரு சிறு மருந்துப் பெட்டி உண்டு. வேர்க்கொம்பு, ஓமம், நற்சீரகம், கொத்தமல்லி, பெருங்காயம், வெந்தயம், உள்ளி என்பன தமிழர் வீடுகளிலும் முஸ்லிம்கள் வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. முஸ்லிம் இல்லங்களில் கருஞ்சீரகமும் தேனும் தவறாமல் இடம்பெறும். அவற்றின் மீதான மதிப்பு நபிமொழி வழியாக வந்தது. வயிறு பொருமினால் ஓமத்தண்ணீர், குமட்டினால் இஞ்சிச் சாறு, தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்த நீர் என்பதை எவரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பழகிக்கொண்டோம்.

அண்மைக்காலமாக இப்பழக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு வணிகம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. "இயற்கை" என்ற ஒரே சொல்லை முத்திரையாகக் கொண்ட தூள்களும் மாத்திரைகளும் கைத்தொலைபேசி வழியாக விற்கப்படுகின்றன. சமிபாட்டுக் கோளாறு, உணவு ஏற்காமை, இவற்றோடு "அதிரீனல் சோர்வு" என்றொரு புதிய பெயர். இம்மூன்றுக்கும் ஒரே போத்தல். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளிலும் மருந்தகங்களிலும் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது மக்கள் மாற்று வழிகளை நாடியதில் வியப்பில்லை. அந்நாட்களில் தொடங்கிய பழக்கம் பலரிடம் இன்றும் தொடர்கின்றது. ஆகவே, கைமருந்து எதுவரை செல்லும், எந்த இடத்தில் அது ஆபத்தாக மாறும் என்பதைத் தெளிவாகப் பேசவேண்டிய தேவை எழுந்துள்ளது.

கைமருந்துகளில் பயன் எதுவுமில்லை என்று கூறுவோர் விடயத்தை அறியாதவர்கள். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பது, கருவுற்ற தாய்மாரின் குமட்டல் உட்பட, ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட ஒன்று. வெந்தயத்தில் நீரில் ஊறி வழுவழுப்பாகும் நார்ப்பொருள் உண்டு. இசப்கோல் உமியும் அவ்வாறானதே. பாரசீக மொழியில் "குதிரைக் காது" எனப் பொருள்படும் பெயரோடு யூனானி மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் இவ்விதை உமியை இன்று மேலைத்தேய வைத்தியர்களும் மலச்சிக்கலுக்குத் தாராளமாக எழுதிக் கொடுக்கின்றனர். ஆனால் போதிய நீரின்றி அதை விழுங்கினால் பயனுக்குப் பதில் அடைப்பு ஏற்படும்.

மருந்தைவிட உணவை முன்வைத்ததே நமது மரபுகளின் சிறப்பு. திருக்குறளின் "மருந்து" அதிகாரம் பெரும்பகுதியும் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. 1037இல் மறைந்த இப்னு ஸீனாவின் வழிவந்த யூனானி மரபில் "இலாஜ் பில் கிஸா", அதாவது உணவால் செய்யும் சிகிச்சை, தனியொரு பிரிவாகவே உள்ளது. இக்கட்டுரையாளரும் பத்திரிகைப் பணியில் இரவு நெடுநேரம் விழித்திருந்து, வெறும் வயிற்றில் தேநீர் மேல் தேநீராகக் குடித்து நெஞ்செரிவைத் தேடிக்கொண்டவரே. ஓமத்தண்ணீர் சில நாட்கள் கைகொடுத்தது. நெஞ்செரிவு உண்மையில் அடங்கியதோ இரவுச் சாப்பாட்டை இரண்டு மணித்தியாலம் முன்தள்ளிய பின்னர்தான். இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் ஒருவருக்கு எந்தச் சூரணத்தாலும் அதிகம் உதவ முடியாது.

"எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் வெவ்வேறு காரணங்கள் மறைந்திருக்கின்றன. இம்மாவட்டத்தில் நாம் அன்றாடம் உண்ணும் பால், மீன், கோதுமை மூன்றையும் எடுத்துக்கொண்டால் அது விளங்கும்.

பாலில் உள்ள லக்ரோஸ் என்ற சீனியைச் செரிக்கும் நொதியம் குழந்தைப் பருவத்துக்குப் பின் பெரும்பாலானோரில் குறைந்துவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை இதுவே. ஆகவே இதை நோய் என்பதைவிட இயல்பு என்பதே பொருந்தும். காலையில் பால்மாத் தேநீரை ஒரு பெரிய கோப்பை நிறையக் குடித்ததும் வயிறு இரைந்து பொருமுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். இவர்களிற் பலருக்குச் சிறிதளவு பாலால் கெடுதல் இல்லை. தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தயிராகும்போதே லக்ரோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் செரித்துவிடுகின்றன; எஞ்சியதைச் செரிக்கவும் குடலுக்குள் உதவுகின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் இருந்து முட்டிகளில் வரும் எருமைத் தயிரைக் கையருகே வைத்துக்கொண்டு, விலைகூடிய "குடல் நலத் தூள்" வாங்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மீனின் கதை வேறு. சூரை உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணித்தியாலத்திலோ முகம் சிவந்து, தலையிடித்து, உடல் தினவெடுத்து, வயிற்றோட்டம் ஏற்பட்டால், "எனக்குச் சூரை ஆகாது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதே மனிதர் அடுத்த மாதம் அதே மீனை உண்டு சுகமாக இருப்பார். சூரை, கும்பிளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்ரிடீன் என்ற பொருள் மிகுதி. பிடித்த மீனுக்கு உடனடியாக ஐஸ் இடாது வெயிலில் வைத்திருந்தால் பக்ரீரியாக்கள் அதனை ஹிஸ்ரமீனாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்ரமீன் எவ்வளவு கொதிக்கவைத்தாலும், எவ்வளவு புளியும் மிளகும் சேர்த்தாலும் அழிவதில்லை. குறை உண்டவரின் வயிற்றில் இல்லை. வள்ளத்துக்கும் சந்தைக்கும் இடையில் இருக்கிறது. இதற்கு மருந்து குளிரூட்டல்தான். துறைமுக நகரொன்றில் இதைக் கூறவேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

இறால், நண்டு, கணவாய் என்பவற்றால் சிலருக்கு ஏற்படும் உண்மையான ஒவ்வாமை இவ்விரண்டிலும் சேராதது. உதடும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும் அந்த நிலையில் எந்த மூலிகையையும் அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவருக்கு அவசியமானது அட்ரினலின் ஊசி. அதற்குரிய இடம் வைத்தியசாலை.

கோதுமை பற்றி இப்போது பலர் அஞ்சுகின்றனர். சீனக்குடாவில் மாவு ஆலை அமைந்து நான்கு தசாப்தங்கள் கடந்துவிட்டன. பாணும் ரொட்டியும் பராட்டாவும் நம் உணவிலிருந்து பிரிக்கமுடியாதவை ஆகிவிட்டன. குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதடையும் சீலியாக் நோய் உண்மையானது; குருதிச் சோதனையால் அறியக்கூடியது. ஆனால் பலரிடம் வயிற்றுப் பொருமலை உண்டாக்குவது கோதுமையில் உள்ள பிரக்டன் என்ற மாச்சத்து. அதே பொருள் வெங்காயத்திலும் உள்ளியிலும் உண்டு என்பதை அறிந்தால், "பாணை நிறுத்தியும் குறையவில்லையே" என்ற வியப்பு நீங்கும். சீலியாக் சோதனை செய்ய எண்ணுவோர் அதற்கு முன்னரே கோதுமையைக் கைவிட்டுவிடக் கூடாது. கைவிட்டால் சோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டும்.

"வாய்வு" என்ற சொல்லால் நாம் இழந்த உயிர்களைப் பற்றியும் கூறியாக வேண்டும். நெஞ்சின் நடுவில் அழுத்தம், மேல்வயிற்றில் எரிவு, வியர்வை, குமட்டல்: இவை மாரடைப்பின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடமும் பெண்களிடமும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசீரணம் போலவும் அது வரக்கூடும். நள்ளிரவில் ஓமத்தண்ணீர் கொடுத்து, உள்ளி சுட்டுக் கொடுத்து, விடியட்டும் எனக் காத்திருந்த குடும்பங்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வாய்வுதான் என்று பின்னர் தெரியவந்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அவ்வாறே காரணமின்றி உடல் மெலிதல், கறுப்பாக அல்லது குருதியோடு மலம் போதல், விழுங்கச் சிரமம், இரத்தச்சோகை, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வயிற்றுக் கோளாறு ஆகியன இருப்போர் சூரணத்தோடு நாளைக் கடத்தலாகாது.

இனி அந்தப் புதிய பெயருக்கு வருவோம். இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல் அமர்ந்திருப்பவை அதிரீனல் சுரப்பிகள். கொர்டிசோல் முதலான ஹோர்மோன்களைச் சுரந்து இரத்த அழுத்தத்தையும் குருதிச் சீனியையும் உடலின் உப்புச் சமநிலையையும் காப்பது அவற்றின் பணி. மன அழுத்தத்தால் இச்சுரப்பிகள் களைத்துவிடுகின்றன, அதனாலேயே காலையில் எழ முடியவில்லை, எந்நேரமும் சோர்வாக இருக்கிறது என்ற கருத்தை 1998இல் ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்க மாற்று மருத்துவர் "அதிரீனல் சோர்வு" எனப் பெயரிட்டுப் பரப்பினார். 2016இல் பிரேசில் ஆய்வாளர் இருவர் இது தொடர்பான 58 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அப்படியொரு நோய்க்குச் சான்றில்லை என அறிவித்தனர். அகஞ்சுரக்கும் தொகுதி வைத்திய நிபுணர்களின் அமைப்புகளும் இதனை நோயாக ஏற்கவில்லை.

சோர்வு பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு, உறக்கக் குறைவு என்று அதற்குக் காரணங்கள் பல. பெரும்பாலானவை ஒரு குருதிச் சோதனையிலோ ஓர் உரையாடலிலோ வெளிப்படக்கூடியவை. பொய்யான பெயரை ஏற்றுக்கொண்டவர் மெய்யான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்.

அதிரீனல் சுரப்பி உண்மையாகவே பழுதடையும் நோயும் உண்டு. 1855இல் தோமஸ் அடிசன் என்ற ஆங்கில வைத்தியர் விவரித்த அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அக்காலத்தில் அதற்குப் பிரதான காரணம் காசநோய். நம் பிராந்தியத்தில் இன்றும் அது ஒரு காரணமே. பசியின்மை, வாந்தி, வயிற்றுவலி, மெலிவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின் மீது தீராத ஆசை, உள்ளங்கை ரேகைகளும் முரசும் கறுத்தல் ஆகியன அதன் அடையாளங்கள். வயிற்றுக் கோளாறாகவே தொடங்குவதால் எளிதில் ஏமாற்றிவிடும். உரிய ஹோர்மோன் சிகிச்சை கிடைத்தால் இயல்பாக வாழலாம். கிடைக்காவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிரைப் பறிக்கும்.

இதைவிடப் பரவலான காரணம் ஒன்று உண்டு. அதுவே நாம் மிகவும் கவலைப்படவேண்டியது. ஸ்டீரொயிட் மருந்தைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால் உடல் தன் சொந்தக் கொர்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென மருந்தை நிறுத்தும்போது சுரப்பி விழித்துக்கொள்ளாது. வைத்தியர் தந்த ஸ்டீரொயிட் என்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். "இயற்கை" எனப் பெயரிட்ட தூளுக்குள் அது இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது? இது வெறும் ஊகமன்று. மூட்டுவலிக்கென விற்கப்பட்ட "ஆர்ட்ரி கிங்" என்ற மாத்திரைகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அதிரீனல் சுரப்பிக்கு வலுவூட்டுவதாக விற்கப்பட்ட 12 தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது, பன்னிரண்டிலும் தைரொயிட் ஹோர்மோனும் ஏழில் ஸ்டீரொயிட் ஹோர்மோனும் காணப்பட்டன. இல்லாத நோய்க்கு மருந்து உண்டு உள்ள சுரப்பியைக் கெடுத்துக்கொள்வது என்பது இதுதான். "ஒரு வாரத்திலேயே பசி எடுத்தது, நோவெல்லாம் பறந்தது" என்று எவராவது ஒரு தூளைப் புகழ்ந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

கலப்படமற்ற மூலிகைக்கும் இதே நிதானம் வேண்டும். வயிற்றுப்புண்ணுக்கும் சோர்வுக்கும் சேர்த்தே பரிந்துரைக்கப்படும் அதிமதுரத்தை அளவின்றி நீண்டநாள் உண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொற்றாசியம் குறையும். இதய நோயாளிக்கு இது சிறு விடயமன்று. அமுக்கிராவின் தைரொயிட் விளைவுகள் உள்ளிட்ட ஐயங்களைக் காட்டி டென்மார்க் 2023இல் அதனைத் தடைசெய்தது. பரம்பரை வைத்தியர் நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, சில நாட்களுக்கு மட்டும் கொடுத்த மூலிகையையும், முகமறியாத ஒருவர் மாதக்கணக்கில் உண்ணச் சொல்லி அஞ்சலில் அனுப்பும் மாத்திரையையும் ஒன்றாக எண்ணுவது சித்த மருத்துவத்துக்கும் யூனானிக்கும் செய்யும் அநீதி.

அம்மருத்துவங்களை நாட விரும்புவோருக்கு நம்மிடையே வழிகள் இல்லாமலில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் வைத்தியசாலைகள் இயங்குகின்றன. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி மருத்துவர்களையும் உள்ளடக்கியது. எனவே மருத்துவர் பதிவுபெற்றவரா எனக் கேட்பது நோயாளியின் உரிமை. எந்த வைத்தியரிடம் சென்றாலும் வீட்டில் உண்ணும் தூளையும் போத்தலையும் கையோடு கொண்டுசென்று காட்டுங்கள். ஏசுவார்களோ என்று பலர் மறைத்துவிடுகின்றனர்.

நோன்பு காலத்துக்காக ஒன்று. இஞ்சி, உள்ளி, வெந்தயம் சேர்த்துக் குழைய வேகும் நோன்புக் கஞ்சி, நாள் முழுதும் ஓய்ந்திருந்த வயிற்றுக்கு இதமான உணவு. அதன்மேல் அடுக்கடுக்காக வரும் பொரித்த பண்டங்களே நெஞ்செரிவின் ஊற்று. ஆனால் அதிரீனல் குறைபாடு உள்ளவர்களும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நீண்டகாலம் ஸ்டீரொயிட் மாத்திரை எடுப்பவர்களும் நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மாத்திரையை ஸஹருக்கும் இப்தாருக்கும் எவ்வாறு பிரிப்பது எனக் கேட்டறிய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நோன்பின் இடையே வாந்தி, கடும் சோர்வு, மயக்கம் ஏற்பட்டால் நோன்பைத் திறந்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கு சொல்லவேண்டிய முதல் வார்த்தை, "நான் ஸ்டீரொயிட் எடுப்பவர்" என்பது.