இதயத்தைத் தாக்கும் இறைச்சிப் புழு

"காட்டுப்பன்றி இறைச்சியை ஐஸ்பெட்டியில் நாள்கணக்கில் வைத்துவிட்டால் புழு செத்துவிடும்தானே டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். எப்போதும் சாகாது என்பதே பதில்.

2022 ஜூலையில் அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் ஒரு குடும்பம் ஒன்றுகூடியது. கனடாவில் வேட்டையாடிய கரடியின் இறைச்சியை 45 நாட்கள் உறையவைத்து, பிறகு வாட்டிச் சாப்பிட்டார்கள். கறியின் நிறமே கறுப்பு என்பதால், அது வேகவில்லை என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. ஆறு பேர் நோயுற்றார்கள். அவர்களில் இருவர் இறைச்சியைத் தொடவே இல்லை. அதனுடன் சேர்த்து வாட்டிய காய்கறிகளைத்தான் சாப்பிட்டார்கள்!

இதற்குக் காரணம் டிரிக்கினெல்லா என்னும் நுண்புழு. இறைச்சிக்குள் சுருண்டு கிடக்கும் இளம்புழுவை வயிற்று அமிலம் விடுவிக்கிறது. அது குடலில் வளர்ந்து குஞ்சுகளை ஈனுகிறது. அவை இரத்தத்தில் கலந்து தசைகளுக்குச் செல்கின்றன. முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், கடுமையான தசைவலி. சாதாரணக் காய்ச்சல்தான் என்று பனடோல் போட்டுக்கொண்டு இருந்துவிடுவோம்.

இதயத்தில் இப்புழு கூடுகட்டித் தங்குவதில்லை. ஆனால் அது கடந்துபோகும்போது, அதை எதிர்க்கக் கிளம்பும் நம் வெள்ளணுக்களே இதயத் தசையை வீங்கச் செய்கின்றன. பெரும்பாலும் மூன்றாவது வாரத்திற்குப் பிறகே படபடப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி தோன்றும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் இந்நோயால் மரணம் நேரும்போது, அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான். இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

இரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் அணுக்கள் கூடியிருந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வரும். அல்பெண்டசோல் மாத்திரை தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் நன்கு வேலை செய்யும். தசைக்குள் புழு கூடு கட்டிய பின் அதன் பலன் குறைவு. இதய வீக்கத்திற்கு ஸ்டீராய்டும் தேவைப்படும். ஆகவே, மூன்று வாரத்திற்கு முன் என்ன இறைச்சி சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தாய்லாந்தின் வடபகுதியில் பச்சைப் பன்றி இறைச்சி உணவுகளால் 1962-இலிருந்தே இந்நோய் அறியப்பட்டுள்ளது. அங்கே சுற்றுலா போய் வந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

நம் தோட்டப்புறங்களில் காட்டுப்பன்றியை மசாலா போட்டு நெடுநேரம் வறட்டுவார்கள். நல்ல பழக்கம். காப்பாற்றுவது மசாலா அல்ல, அந்தச் சூடு. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். உப்புக்கண்டம் போடுவதையும் புகையூட்டுவதையும் நம்ப முடியாது. பண்ணைப்பன்றிப் புழு மூன்று வார உறைகுளிரில் சாகலாம். காட்டு விலங்குகளின் புழுக்களில் சில அதையும் தாங்கும். உப்பு பார்க்கிறேன் என்று அரைவேக்காட்டுக் கறியை வாயில் போடுகிறோமே, அந்த ஒரு துண்டும் இந்தக் கணக்கில்தான் சேரும்.