பிசிஆர் டெஸ்ட்: எப்போ காசு கொடுக்கணும், எப்போ இலவசமாவே கிடைக்கும்?



ஹெல்த் இன்ஷூரன்ஸ் வீடியோ போடும்போதெல்லாம் கீழே இந்த மாதிரி ஒரு கேள்வி வரும்: "டாக்டர் பிசிஆர் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கார். சில ஆயிரம் ஆகும்னு லேப்ல சொல்றாங்க. இது தேவைதானா? இன்ஷூரன்ஸ்ல வருமா? 80டி-ல காட்டலாமா?"

டெஸ்ட் வேணுமா வேண்டாமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். பணக் கணக்கை நாம பார்ப்போம்.

இந்த டெஸ்ட் என்ன பண்ணுது?

ஒவ்வொரு கிருமிக்கும் அதுக்கே உரிய மரபணு வரிசை இருக்கு. உங்க சளியிலயோ ரத்தத்துலயோ அந்த வரிசை இருக்கான்னு தேடுறதுதான் பிசிஆர். கிருமி கொஞ்சமா இருந்தா கண்டுபிடிக்க முடியாதுங்கிறதால, முதல்ல அந்த மரபணுத் துண்டை நகல் எடுப்பாங்க. ஒவ்வொரு சுற்றுலயும் அது இரட்டிப்பாகும்.

இது நமக்குத் தெரிஞ்ச கூட்டு வட்டிதான்! 1, 2, 4, 8-னு போய் 30-வது சுற்றுல ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டிடும். 1983-ல இந்த முறையைக் கண்டுபிடிச்ச கேரி முல்லிஸுக்கு 1993-ல நோபல் பரிசு கிடைச்சது.

டிபி-யில இதோட மதிப்பு என்ன?

பழைய முறையில சளியை மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. ஒரு மில்லி சளியில ஆயிரக்கணக்குல கிருமி இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆரம்ப நிலை நோய் தப்பிச்சிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் துல்லியமானது, ஆனா முடிவு வர வாரக்கணக்கு ஆகும்.

சிபிநாட்னு சொல்ற மரபணு டெஸ்ட் 2 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லிடும். உலக சுகாதார நிறுவனம் 2010-லயே இதைப் பரிந்துரைச்சது. கோவாவில் இருக்கும் நிறுவனம் உருவாக்கின ட்ரூநாட்டுக்கு 2020-ல அந்த அங்கீகாரம் கிடைச்சது. அது பேட்டரியில ஓடும்ங்கிறதால சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலயும் வைக்கலாம்.

முக்கியமான விஷயம், ரிஃபாம்பிசின் மருந்து அந்தக் கிருமிகிட்ட வேலை செய்யுமான்னும் இந்த டெஸ்ட்லயே தெரிஞ்சிடும். அது தெரியாம ஆரம்பிச்சா, வேலை செய்யாத மாத்திரையை மாசக்கணக்குல சாப்பிட வேண்டி வரலாம்.

ஒரு சின்னக் கணக்கு

மாசச் சம்பளம் 30,000 ரூபாய்னு வைங்க. 3 வாரமா இருமல். ரெண்டு டாக்டர் ஃபீஸ் 1,000, சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் 1,500, சாதா டெஸ்ட்கள் 2,000, லீவு தீர்ந்து 5 நாள் சம்பளப் பிடித்தம் 5,000. மொத்தம் 9,500 ரூபாய் போயிருக்கு, ஆனா என்ன நோய்னு இன்னும் தெரியல. இந்த 3 வாரமும் வீட்ல இருக்கிறவங்களுக்கும் அது பரவியிருக்கலாம். அந்தச் செலவு எந்த பில்லுலயும் வராது.

ஆனா அந்த மரபணு டெஸ்ட், அரசு காசநோய்த் திட்டத்துல இலவசம். மருந்தும் இலவசம். சம்பள வரம்பு கிடையாது. சிகிச்சை நடக்கும் மாசங்கள்ல சத்துணவுக்காக உங்க வங்கிக் கணக்குல மாசம் 1,000 ரூபாயும் போடுறாங்க (2024 நவம்பருக்கு முன்னாடி அது 500). 2 வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. உதவி எண்: 1800-11-6666.

காசு வீணாகும் இடங்கள்

- டிபி-க்கு ரத்தத்துல ஆன்டிபாடி டெஸ்ட்: தப்பான முடிவு காட்டுதுன்னு இந்திய அரசு 2012-லயே இதைத் தடை பண்ணிடுச்சு. யாராவது எழுதிக் கொடுத்தா கேள்வி கேளுங்க.
- தாமதமா எடுக்கும் டெங்கு பிசிஆர்: காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் 5 நாள் வரைக்கும்தான் இது நல்லா பிடிக்கும். அப்புறம் வைரஸ் வேகமா குறைஞ்சிடும். 7-வது நாள் "நெகட்டிவ்" வந்தா டெங்கு இல்லைன்னு அர்த்தமில்ல. அந்தக் கட்டத்துக்கு ஐஜிஎம் டெஸ்ட்தான் பொருத்தம்.
- டிபி குணமாகுதான்னு பார்க்க மறுபடியும் சிபிநாட்: செத்த கிருமியோட மரபணுவையும் இது காட்டும். அதனால சிகிச்சை வேலை செய்யுதான்னு பார்க்க இதைப் பயன்படுத்துறதில்லை.

இன்ஷூரன்ஸ், வரி, இஎஸ்ஐ

அட்மிட் ஆகாம எடுத்த டெஸ்டுக்கு, ஓபிடி கவர் இல்லாத பாலிசியில பணம் வராது. டெஸ்டுக்காக மட்டுமே அட்மிட் ஆனாலும் வராது. அது பாலிசியிலயே இருக்கும் விலக்கு. ஆனா அதே நோய்க்காக அப்புறம் அட்மிட் ஆனா, அதுக்கு முந்தின 30 இல்ல 60 நாள் டெஸ்ட் செலவைக் கேட்கலாம். எத்தனை நாள்னு உங்க பாலிசியில பாருங்க. டாக்டர் சீட்டு, பில், ரிப்போர்ட் மூணையும் பத்திரமா வைங்க.

80டி-ல வரும் 5,000 ரூபாய், நோய் வருமுன் செய்யும் செக்கப்புக்கானது. காய்ச்சலுக்கு எடுத்த பிசிஆரை அதுல சேர்க்காதீங்க. இதுவும் பழைய வரி முறையில மட்டும்தான். அதே முறையில, இன்ஷூரன்ஸ் இல்லாத 60 வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு நீங்க செஞ்ச மருத்துவச் செலவை 50,000 வரை காட்டலாம். கேஷா கொடுத்திருக்கக் கூடாது, யுபிஐ ஓகே.

சம்பளத்துல இஎஸ்ஐ பிடிக்கிறாங்களா? டிபி அதோட நீண்டகால நோய்ப் பட்டியல்ல இருக்கு. 2 வருஷத் தொடர் வேலை மாதிரியான நிபந்தனைகள் பொருந்தினா 80% சம்பளம் வரை கிடைக்கும். பலருக்கு இது தெரியறதே இல்லை!

டாக்டர்கிட்ட 3 கேள்வி

1. இந்த ரிசல்ட் வந்தா என் சிகிச்சையில என்ன மாறும்?
2. இன்னைக்கு எடுக்கிறது சரியான நாளா?
3. இது அரசு ஆஸ்பத்திரியில கிடைக்குமா?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வந்தா, பில்லைப் பார்த்துத் தள்ளிப் போடாதீங்க. பதில் வரலைன்னா, 200 ரூபாய் டெஸ்டும் தண்டச் செலவுதான்.

இருமலோட ஆபீஸ் வர்ற ஃப்ரெண்டுக்கு இதை ஃபார்வர்ட் பண்ணுங்க. உங்க பாலிசியில டெஸ்ட் செலவு பத்தி என்ன போட்டிருக்குன்னு புரியலைன்னா, அந்த வரியை கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல பேசுவோம்.