மூட்டைக்குள் இருப்பது யாது? கால்நடைத் தீவனச் சட்டம் பற்றிய விளக்கம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயங்களுக்குப் பின்னே மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலத்தை நம்முள் மூத்தோர் நன்கறிவர். பால்மரங்களுக்கிடையே அறுத்த புல், வீட்டுக் கழுநீர், கடையில் வாங்கிய தவிடு, புண்ணாக்கு ஆகியவையே அன்றைய தீவனம். புண்ணாக்கை விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்தே அதன் தரத்தைக் கூறிவிடுவர். மூக்குக்கு எட்டாத பொருள்கள் மூட்டைக்குள் புகுந்த பின்னரே சட்டத்திற்குத் தேவை ஏற்பட்டது.

மலேசியாவில் இத்துறைக்குரியது 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தீவனச் சட்டமாகும். சட்ட எண் 698. தீவனத்தின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு ஆகிய நான்கையும் அது நெறிப்படுத்துகிறது. இதற்கென வாரியம் ஒன்றையும் நிறுவுகிறது. நடைமுறைப் பொறுப்பு கால்நடை மருத்துவச் சேவைத் துறையினுடையது. தீவனம் விலங்கின் ஊட்டத் தேவையை நிறைவு செய்ய வேண்டும். விலங்குக்குத் தீங்கு செய்யலாகாது. அவ்விலங்கின் இறைச்சியையும் பாலையும் உண்ணும் மனிதருக்கும் கேடு விளைக்கலாகாது. இம்மூன்றும் சட்டத்தின் முகப்பிலேயே சொல்லப்பட்ட நோக்கங்கள். 'பயன்பாடு' என்னும் சொல்லை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். விற்பவரோடு பொறுப்பு முடிவதில்லை. ஊட்டுபவருக்கும் அதில் பங்குண்டு.

சொல்லைப் பற்றி ஒன்று கூறிச் செல்கிறோம். தமிழில் மாட்டுக்குத் தீவனம், கோழிக்கு இரை, வீட்டு நாய்க்குச் சோறு என வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. சட்டமோ இவையனைத்தையும் ஒரே பெயரில் அடக்குகிறது. பூனைக்கென வாங்கும் வண்ணப் பொட்டலமும் இத்துறையின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே.

இனித் தோட்டப்புறத்திற்கே உரிய ஒரு பொருளுக்கு வருவோம். செம்பனைப் பருப்பிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்கு நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் தீவனம். அதன் புரதம் ஏறத்தாழ 14 முதல் 18 விழுக்காடு. மாடுகள் இதைப் பேரளவில் உண்டும் நலமாக வாழ்கின்றன. ஆகவே, மாட்டுக்கு ஆவது ஆட்டுக்கும் ஆகும் என எண்ணுவது இயல்பே. அங்கேதான் இடர் தொடங்குகிறது. இப்புண்ணாக்கில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கும் மேலாகச் செம்பு இருப்பதுண்டு. செம்மறியாட்டின் ஈரல் செம்பை எளிதில் வெளியேற்றுவதில்லை, சேர்த்துவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வெளியே எந்தக் குறியும் தோன்றாது. பின்னர் ஒரு நெடும் பயணமோ, வேறோர் அதிர்ச்சியோ நேரும்போது, தேங்கிய செம்பு திடீரென இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. கண் மஞ்சளிக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். ஓரிரு நாள்களில் ஆடு மாண்டுவிடும். முதல்நாள் வரை கொழுகொழுவென்றிருந்த ஆடு மடிந்தால், பாம்பு தீண்டியது என்றோ கண்ணேறு என்றோ சொல்வோர் உண்டு. உண்மையில் அது பல மாதங்களாகத் தொட்டியில் கொட்டிய தீவனத்தின் விளைவு. வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. செம்மறிக்குப் புண்ணாக்கின் பங்கைக் குறைத்து, மோலிப்டினமும் துத்தநாகமும் உரிய அளவில் சேர்த்தால் இக்கேட்டைத் தவிர்க்கலாம் என்பதை நம் நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்குப் பொருளில் கலப்படம் இல்லை, ஏமாற்றும் இல்லை. எந்த விலங்குக்கு உரியது என்ற ஒரு வரியே உயிரைக் காப்பது.

ஏமாற்று உள்ள இடமும் உண்டு. 2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனைகள் பல சிறுநீரகம் பழுதாகி இறந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. ஆய்வுக்கூடங்கள் பொதுவாகப் புரதத்தை நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவதே வழக்கம். மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. ஆதலால் புரதமே இல்லாத பொருள் புரதமாகத் தோற்றம் தந்தது. அடுத்த ஆண்டு அதே வேதிப்பொருள் சீனக் குழந்தைகளின் பால்மாவிலும் காணப்பட்டது. விலங்குணவில் கண்ட குறையை விலங்கோடு விட்டுவிட இயலாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை. பிரிட்டனில் மாட்டின் எலும்பையும் இறைச்சியையும் அரைத்து மாட்டுக்கே ஊட்டியதால் மூளை நோய் பரவியதும், 1988இல் அத்தீவனத்திற்குத் தடை வந்ததும் பலர் அறிந்ததே.

நம் மாநிலத்தவர் 'நிப்பா' என்ற பெயரை மறந்திரார். 1998 டிசம்பரில் சிரம்பானை அடுத்த சிக்காமட்டிலும், பின்னர் புக்கிட் பெலாண்டோக்கிலும் அந்நோய் பரவியது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதிக் கொசுவை ஒழிக்க முனைந்தனர். 1999 மார்ச்சில் புதிய கிருமி அடையாளம் காணப்பட்டு, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைப் பெற்றது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. கிருமி முதலில் ஈப்போ வட்டாரத்துப் பண்ணையொன்றில் நுழைந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் முடிவு. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள் நின்றன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப்போட்ட கனிகள் கொட்டகைக்குள் விழுந்தன. எவரும் விற்காத, எவரும் ஊட்டாத ஒன்றும் தீவனமாகிவிட்டது. இறக்குமதி உரிமமோ மூட்டைச் சீட்டோ அந்த மாங்கனியைத் தடுத்திருக்க முடியாது. பழமரங்களைக் கொட்டகையிலிருந்து விலக்கிவைப்பது பண்ணை அமைப்பைச் சார்ந்த செயல்.

மருந்துகளைப் பற்றியும் சுருங்கச் சொல்வோம். குளோரம்பெனிகால், நைட்ரோஃபுரான் போன்றவற்றைத் தீவனத்தில் கலப்பது இங்குக் குற்றம். மனித மருத்துவத்தில் இறுதிப் புகலாகக் கருதப்படும் கொலிஸ்டின், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது.

சில்லறையாக அளந்து, பெயரற்ற பையில் கட்டித் தரும் தீவனத்தை மலிவு கருதி நம்மவர் வாங்குவதுண்டு. அப்பையில் உட்பொருள் விவரமும் இல்லை, தயாரிப்பாளர் பெயரும் இல்லை, எந்த விலங்குக்கு என்ற குறிப்பும் இல்லை. முழு மூட்டையாக வாங்குவோர் அதன் சீட்டைத் தீவனம் தீரும்வரை பத்திரப்படுத்த வேண்டும். சீட்டில் தமிழ் இராது. வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டாவது படிப்பித்துக் கேட்டல் நலம். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடியை உலர்ந்த பையில் எடுத்துவைத்தால், கால்நடை நோயுறும்போது மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் அதைச் சோதனைக்குக் கொடுக்கலாம். அதுவும் இல்லையேல் அலுவலர் முன் இருப்பது இறந்த ஆடு ஒன்றே.