உவர்நீர் பாயும் நிலமும் ஜிப்சமும்

செபராங் பிறையின் கடலோரப் பகுதிகளில் வாழும் தோட்டப் பாட்டாளிகள் பலர், பால்வெட்டு முடிந்தபின் வீட்டருகே காய்கறி பயிரிடுகின்றனர். மழை குறையும் மாதங்களில், கழிமுகத்தை அடுத்த கிணற்று நீர் உவர்ப்பதுண்டு. முடா ஆற்றில் கடல்நீர் மேலேறாதிருக்கத் தடுப்பணையே கட்டப்பட்டுள்ளதென்றால், இவ்விடரின் அளவு விளங்கும். உவர்நீர் பட்ட இலையின் ஓரம் கருகுவதைக் கண்டு, உரக்குறைவென எண்ணி மேலும் உரமிடுவோர் உளர். இரசாயன உரமும் ஒருவகை உப்பே என்பதால் பயிர் இன்னும் வாடும்.

உப்பு இருவகையில் கேடு செய்கிறது. நீரில் கரைந்து நிற்கும் உப்பு, வேர் நீரை உறிஞ்சவொட்டாமல் தடுக்கிறது. நல்ல மழை பெய்தால் இது கழுவப்பட்டுவிடும். ஆனால் உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு எளிதில் அகலாது. மழைக்குப் பின் மண் குழைந்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகுவது இதனாலேயே. 'மழை பெய்தும் மண் கெட்டுவிட்டதே' என்று வியப்பதற்கு இடமில்லை.

ஜிப்சத்தின் பணி இங்குதான் தொடங்குகிறது. அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கி அவ்விடத்தில் அமர்கிறது. விலகிய சோடியம் நீரோடு வெளியேறுகிறது. நீர் வடிய வழியில்லாவிடில், மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயனில்லை. முதலில் வாய்க்கால், பிறகே ஜிப்சம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களைக் கடல்நீரால் மூழ்கடித்தது. உழவர்கள் படிந்த சேற்றை அகற்றி, வரப்புயர்த்தி, ஜிப்சம் இட்டனர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். 2005 ஆம் ஆண்டின் பருவமழை உப்பைப் பெரிதும் கழுவியது. மருந்தும் மழையும் சேர்ந்தே அந்நிலத்தை மீட்டன என்பதே நம் கருத்து.

நம் மண்ணுக்கு ஜிப்சம் தேவையா? காய்ந்த சிறு மண்கட்டியொன்றை, மழைநீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையில் மெதுவாக இட்டு, அசைக்காமல் சில மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் பரவினால், சோடியம் மிகுந்திருக்கக்கூடும். மழைக்குமுன் உப்பு நிறைந்திருக்கும் மண்ணில் இக்கலங்கல் தோன்றாமலும் போகலாம். ஆகவே ஒரு மழைக்குப் பின் மீண்டும் சோதிப்பது நன்று.

'பெர்மாத்தாங்' என்று பெயர் தொடங்கும் ஊர்கள் இங்கு பல. அச்சொல் பழைய கடற்கரை மணல்மேட்டைக் குறிப்பது. அத்தகைய மணற்பாங்கான நிலத்துக்கு ஜிப்சம் வீண்செலவு. நன்னீரும் மக்கிய குப்பையும் போதும்.

ஜிப்சமும் சுண்ணாம்பும் ஒன்றல்ல. சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைத் தணிக்கும்; ஜிப்சம் அதைச் செய்யாது. கடலோரக் களிமண் சில இடங்களில் மிகுந்த புளிப்புடையது. அங்கு சுண்ணாம்பே ஏற்றது. காரமண்ணிலோ அது கரைவதே இல்லை எனலாம். எதை இடுவதென்பதை விவசாய இலாகாவின் மண் பரிசோதனையால் அறிந்துகொள்ளலாம்.

எக்டருக்குப் பத்து டன் என்று பரிந்துரைக்கப்பட்டால், ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோ என்பது பொருள். அதைத் தூவி, மேல்மண்ணோடு கொத்திக் கலந்து, மழைக்காலத் தொடக்கத்தில் விட்டுவிட வேண்டும். பீன்ஸ் உவர்ப்பைச் சிறிதும் தாங்காது. அதனைப் பிறிதோர் ஆண்டுக்கு ஒதுக்கி வைக்கலாம்.